பெட்ரோல் ஆவிக்கு ஒரு கரிப்பெட்டி

தோட்டத்து வீட்டு வாசல்களில் இப்போது மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய காரும் நிற்கக் காண்கிறோம். பகலெல்லாம் வெயிலில் நிற்கும் அந்தக் காரின் பெட்ரோல் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம். இயந்திரம் உறங்குகிறது, பெட்ரோலோ உறங்குவதில்லை.

கித்தாப் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவின் மூடியைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம் அல்லவா? பெட்ரோலும் அப்படித் தானாகவே ஆவியாகும் பொருள்தான். தண்ணீர் கொதிக்க 100 பாகை வெப்பம் வேண்டும். பல பொருள்கள் கலந்த பெட்ரோலில் சில, 40 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். வெயில் ஏற ஏறத் தொட்டிக்குள் ஆவி நிறைந்து வழி தேடுகிறது. இறுக அடைத்தால் அழுத்தம் கூடும். திறந்துவிட்டால் ஆவி காற்றில் கலக்கும், நாம் காசு கொடுத்து வாங்கியதும் அதோடு போகும்.

அக்காலக் கார்களில் திறந்தேதான் விட்டிருந்தார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1940களில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவியத் தொடங்கியது. ஹாகன்-ஸ்மிட் என்ற அறிஞர் அதன் காரணத்தை 1950களின் தொடக்கத்தில் கண்டு சொன்னார். அதற்குமுன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை! எரியாத பெட்ரோல் ஆவியும் கார்ப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து, ஓசோன் என்னும் நச்சுவாயு உண்டாவதை அவர் காட்டினார். கலிபோர்னியா மாநிலத்தில் 1970ஆம் ஆண்டுக் கார்களிலும், மறு ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும், ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று.

அந்த அமைப்பின் உயிர் ஒரு சின்னக் கரிப்பெட்டி. தொட்டியிலிருந்து வரும் ஆவி ஒரு குழாய் வழியாக இந்தப் பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே இருப்பது அடுப்புக் கரிக்கு உறவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும்படி பக்குவப்படுத்தப்பட்டது. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்துப் போட முடியுமானால், அது சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். பன்னிரண்டு பூப்பந்துத் திடல்களை அடுத்தடுத்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தச் சுவர்களில் ஆவி ஒட்டிக்கொள்கிறது. ஆவி நீங்கிய காற்று மட்டும் வெளியே செல்கிறது.

கரி நிறைந்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. கார் ஓடும்போது இயந்திரம் காற்றை உறிஞ்சுகிறது. இயந்திரம் சூடேறியதும் ஒரு சிறு வால்வு திறக்க, வெளிக்காற்று கரிப்பெட்டிக்குள் புகுந்து செல்கிறது. கொடியில் கிடக்கும் ஈரத்துணியைக் காற்று உலர்த்துவது போல, அது கரியில் ஒட்டியிருந்த ஆவியைக் கிளப்பிக்கொண்டு இயந்திரத்துக்குள் போகிறது. ஆவி அங்கே எரிந்து காரை ஓட்டுகிறது. கரி மறுபடியும் காலியாகிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை நாம் கெடுப்பது பெரும்பாலும் பெட்ரோல் நிலையத்தில்தான். குழாய் 'டக்'கென்று தானாக நின்ற பிறகும், காரை ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். அந்தக் கூடுதல் பெட்ரோல் நீர்மமாகவே கரிப்பெட்டிக்குள் போய்க் கரியை ஊறவைத்துவிடும். பிறகு எண்ணெய் போட்டவுடன் கார் கிளம்ப அடம்பிடிக்கும். புதுப் பெட்டியின் விலையை விசாரித்தால் தெரியும், அந்த இரண்டு வெள்ளி ஆசை எவ்வளவு கேடு என்று. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். மூடி தொலைந்த இடத்தில் துணியைச் செருகுவது வேண்டவே வேண்டாம். 'இது தேவையில்லாத குழாய்' என்று சொல்லிப் பட்டறையில் யாராவது பிடுங்கி எறிய வந்தால் விடாதீர்கள்.

காருக்காவது கரிப்பெட்டி இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று பானப் போத்தலில் வாங்கிவந்து, சமையலறை மூலையில் வைக்கிறோமே, அந்தப் பெட்ரோலுக்கு என்ன இருக்கிறது? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறை அடுப்பைத் தொட்டால், தீ வந்த வழியே போத்தலுக்குத் திரும்பும். தாய்மார்களே, இன்றே அந்தப் போத்தலை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். பெட்ரோலுக்கென்றே செய்த கலனில், இறுக மூடி, வெளிக்கொட்டகை நிழலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித்தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மேலே வரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிள்ளையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள், போத்தலில் என்ன இருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.