பின் அச்சும் ஒரு வகுத்தல் கணக்கும்



கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றபின் ஒரு லாரியில் ஏறி அமர்ந்து, நானே ஒரு பாடம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாமக்கல் என்றவுடன் ஊர் நடுவே நிற்கும் கோட்டைக் குன்று நினைவுக்கு வரும். அடுத்தபடியாக முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் லாரியை நம்பி வாழும் குடும்பங்களும் மிகப் பல. என் பழைய மாணவர் ஒருவரும் அங்கே கடன் பெற்று, பழைய லாரி ஒன்றை வாங்கி ஓட்டுவித்து வந்தார். ஒரு நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, நாற்கரச் சாலையில் அறுபதைத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது. இரவெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு டிரைவர் சோர்ந்து போகிறார். டீசலும் மிகுதியாகச் செலவாகிறது. பின் அச்சில் பல் விகிதத்தை மாற்றினால் சுகமாக ஓடும் என்கிறார்கள். மாற்றலாமா என்று தாங்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்” என்றார்.

பல் விகிதம் என்றால் என்ன? உங்கள் சைக்கிளைப் பாருங்கள். மிதியோடு சேர்ந்த பெரிய சக்கரத்தில் 48 பற்களும், பின்சக்கரத்தோடு சேர்ந்த சிறிய சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். லாரியில் இது தலைகீழ். எஞ்சின் விரைந்து சுற்றுகிறது. சக்கரமோ மெல்லச் சுற்ற வேண்டும். ஆகவே எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறிய பற்சக்கரத்தை வைத்து, அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு பின் அச்சில் அமைத்திருக்கிறார்கள்.

நண்பரின் லாரியில் பினியனுக்கு 6 பற்கள், கிரவுனுக்கு 41. நாற்பத்தொன்றை ஆறால் வகுத்தால் 6.83. டாப் கியரில் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுற்றும் லாரி அது. ஆகவே சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ ஏழு முறை சுற்ற வேண்டும். 40 என்று முழுமையாக வைக்காமல் 41 என்று வைத்தது ஏன் என நீங்கள் கேட்கலாம். 6-க்கும் 41-க்கும் பொது வகுஎண் இல்லை. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பகா எண்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் இருப்பவை அல்ல!

டயரில் சுண்ணாம்புக் கோடு இட்டு, லாரியை ஒரு சுற்று உருளச் செய்து அளந்தோம்; 3.2 மீட்டர் வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். 1000-ஐ 3.2-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்றுக்குச் சற்று மேல். அதனை 41/6-ஆல் பெருக்கினால் எஞ்சினின் வேகம் 2135 சுற்று. பெரிய டீசல் எஞ்சின், தன் உச்ச வேகத்துக்கு வெகுவாகத் தாழ்ந்த நடு வேகத்தில்தான் சிக்கனமாக உழைக்கும். அது அலறியதில் வியப்பில்லை.

இனி 8 பற்கள் கொண்ட பினியனை வைத்துப் பார்த்தேன். 41-ஐ 8-ஆல் வகுத்தால் 5.125. அதே அறுபதில் எஞ்சின் 1600 சுற்றே சுற்றும். 80-ல் சென்றால்தான் 2135 வரும். “எட்டுப் பல்லே போடு, தம்பி” என்று பெருமிதத்தோடு சொன்னேன். கிரவுனும் பினியனும் இணையாகவே செய்யப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. ஆகவே ஒரு பட்டறையில் இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள்.

சில வாரங்கள் சென்றன. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அந்த லாரியிலேயே வருமாறு நண்பர் என்னை அழைத்தார். டிரைவர் ஐம்பதைத் தாண்டிய அனுபவசாலி. வண்டி அமைதியாக ஓடிற்று; பேசினால் காது கேட்டது. வேகமானியின் முள் 60-ல் அசையாமல் நின்றது. மகிழ்ந்து போனேன். பள்ளிப் பழக்கம் விடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு கிலோமீட்டர் கற்களை எண்ணத் தொடங்கினேன். அறுபதில் சென்றால் கல்லுக்குக் கல் 60 விநாடி ஆக வேண்டும். ஆனால் 45 விநாடிதான் ஆயிற்று! மறுபடியும் பார்த்தேன், அதே 45. உண்மையான வேகம் 80.

காரணம் உடனே விளங்கியது. அந்த லாரியின் வேகமானி சக்கரத்தை எண்ணவில்லை. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் சுற்றை எண்ணுகிறது. பின் அச்சின் விகிதத்தை மாற்றிய நாங்கள் வேகமானியைத் திருத்தவில்லை. முள் 80-ஐக் காட்டினால் லாரி நூற்றைத் தாண்டிவிடும். சரக்கு வண்டிகளுக்கு 2018-ல் நடுவண் அரசு அறிவித்த உச்ச வேகமே 80 தான். பாரம் ஏற்றிய லாரியை, தன் வேகத்தைத் தானே அறியாத ஒருவர் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தார்! என் உடல் நடுங்கியது.

நான் சொன்னதைக் கேட்டு டிரைவர் வண்டியின் வேகத்தைத் தணித்தார். பின்பு மெதுவாக, “ஐயா, வேறொன்றும் இருக்கிறது. தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர்க் கணவாயில் வண்டி முன்போல் பிடித்து நிற்பதில்லை. வழக்கமான கியரில் இறங்கினால் பிரேக்கை ஓயாமல் மிதிக்க வேண்டியிருக்கிறது. ஏறும்போதும் திணறுகிறது. முதலாளி மனம் வருந்துவாரே என்று சொல்லவில்லை” என்றார்.

நான் தலைகுனிந்தேன். என் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். 5.125 என்பது 6.83-இல் முக்கால் பங்கு. எஞ்சினின் சுற்று கால் பங்கு குறைந்தபோது, சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவையும் கால் பங்கு குறைந்துவிட்டது. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுத்துத் தாங்குமே, அந்தத் தாங்குதலும் குறைந்தது. இயற்கை வேகத்தையும் வலிமையையும் ஒருசேரக் கொடுப்பதில்லை. ஒன்றை வாங்கினால் மற்றொன்றை விலையாகக் கேட்கிறது. தொப்பூர் இறக்கத்திலோ அந்த விலை உயிராகவும் இருக்கலாம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கிப் பிரேக் சூடேறி மாண்டவர்களின் கதை அந்தச் சாலைக்குப் புதிதன்று.

டீசல் கணக்கிலும் ஒன்றை மறந்திருந்தேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அறுபதிலிருந்து எண்பதுக்குச் சென்றால் அத்தடை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகும். பல் விகிதத்தில் சேமித்ததைக் காற்று திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அன்று மாலை மூவரும் திண்ணையில் அமர்ந்து கணக்கை மீண்டும் போட்டோம். இம்முறை முதலில் நான் கேட்டது, “வண்டி எந்தெந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது?” என்பதுதான். நாமக்கல், கரூர் சமவெளியில் மட்டும் ஓடும் லாரிக்கு எட்டுப் பல் பொருந்தலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் நாள்தோறும் ஏறும் வண்டிக்கு ஆறே நல்லது. நண்பரின் லாரிக்குச் சமவெளியும் உண்டு, தொப்பூரும் உண்டு. ஆகவே ஏழு என்று முடிவு செய்தோம். 41-ஐ 7-ஆல் வகுத்தால் 5.86, அறுபதில் எஞ்சின் 1830 சுற்று. இரண்டாம் முறை மாற்றும் செலவில் ஒரு பங்கை நான் ஏற்க முன்வந்தேன், நண்பர் இணங்கவில்லை. வேகமானியும் திருத்தப்பட்டது. கிலோமீட்டர் கல்லை வைத்து அதனைச் சரிபார்த்தவர் டிரைவரே. எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற தம் பழைய விதியையும் அவர் உறுதியாகக் காத்து வருகிறார்.

மாணவர்களே, விடை சரியாக வந்ததும் பேனாவை மூடிவிடுவது தேர்வுக் கூடத்தில் போதுமானதாக இருக்கலாம். வாழ்க்கையில், அந்த விடையோடு வண்டி ஓட்டப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். நல்ல வேளையாக, கிலோமீட்டர் கற்கள் எனக்குச் சொல்லிவிட்டன.