காற்றாலையும் கிராமப் பொதுச்சொத்தும்



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியோர் சொல்வதுண்டு. அம்மி பறந்ததைக் கண்டவர் எவருமில்லை. எனினும் அக்காற்றின் பலம் பொய்யன்று. தென்மேற்குப் பருவக் காற்றானது மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே நெருங்கிப் புகுந்து வேகங் கொள்கிறது. இக்கணவாய்களின் கீழ்ப்புறத்தில் இன்று ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை நூற்பாலை முதலிய தொழிற்சாலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் உரியவை. நிலத்தை விற்ற குடியானவனுக்குக் கிடைத்தது ஒருமுறை வந்த கிரயத்தொகை மாத்திரமே. காற்றின் லாபம் கிராமத்திலேயே தங்கவேண்டுமானால், ஆலையும் கிராமத்தாருக்கே உரியதாதல் வேண்டும்.

இது புதிய யோசனையன்று. டென்மார்க் தேசத்தில், ஆஸ்கோவ் என்னும் கிராமத்தில், குடியானவர் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் உபாத்தியாயராகிய பவுல் லா கூர் என்பவர் 1891-ஆம் ஆண்டில் காற்றாலையைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கினார். காற்று ஓய்ந்த வேளைக்கு என் செய்வது என்னும் கேள்வி அவரையும் வருத்திற்று. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து, அதனால் பள்ளிக்கு விளக்கேற்றினார். அதனினும் மேலாக, கிராமத்து வாலிபர்களுக்கு மின்சார வேலையைக் கற்பித்து ஊர்தோறும் அனுப்பினார். 1918-ல் அந்நாட்டின் உள்ளூர் மின்சார நிலையங்களில் சுமார் 120 காற்றாலையை வைத்திருந்தன.

அவ்வளவு தூரம் போகாமலே ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே ஓடந்துறை என்னும் பஞ்சாயத்து இருக்கிறது. குடிநீர்க் குழாய்களும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக, அவ்வூரின் மின்சாரக் கட்டணமும் பெருகி, மாதம் சுமார் 50,000 ரூபாயை எட்டிற்று. முதலில் மரத்துண்டுகளிலிருந்து வாயு உண்டாக்கும் யந்திரத்தால் நீரிறைத்துப் பார்த்தார்கள். பின்னர் 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் சக்தியுள்ள காற்றாலை ஒன்றைச் சுமார் 1.55 கோடி ரூபாயில் வாங்கினார்கள். அதில் ஏறக்குறைய 40 லக்ஷம் பஞ்சாயத்தின் சேமிப்பு. மிகுதி வங்கிக் கடன்.

ஆலையை அவர்கள் தங்கள் ஊரில் நாட்டவில்லை என்பதே முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்காகும்; வேகம் பாதியானால் சக்தி எட்டிலொரு பங்கே. ஆகையால் ஊர்ப் பெருமையைப் பாராட்டாமல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாராளமாய் வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் அதனை நாட்டினார்கள். அங்கு விளைந்த மின்சாரம் மின்சார வாரியத்தின் கம்பியிற் சேர்ந்தது. லா கூர் வாயுவைச் சேமித்துச் செய்ததை இங்கே கம்பி செய்தது எனலாம். ஆண்டொன்றுக்குச் சுமார் 6,75,000 யூனிட் விளைய, ஊரின் தேவை சுமார் 4,50,000 யூனிட், எஞ்சியது வருமானமாயிற்று. கடனும் அதனாலேயே அடைபட்டது.

எல்லா ஊருக்கும் இவ்வளவு சேமிப்பு இராது. சிற்றூர்கள் நாலைந்து கூடி ஓர் ஆலையைக் கூட்டாக வாங்கலாம். எவ்வாறாயினும், யந்திர வியாபாரியின் பேச்சைக் கேட்குமுன், ஓராண்டின் மின்சாரச் சீட்டுகளை அடுக்கிக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். ஆலை நிற்கப்போகும் இடத்தின் காற்றை ஓராண்டுக்குக் குறையாமல் அளந்து பார்த்தலும் வேண்டும். ஆடியில் மாத்திரம் அளந்தவர்கள் மாசியில் ஏமாந்துபோவார்கள்.