உறை வேறு, குளிசை ஒன்று
(கொள்ளுப்பிட்டிக் காரியாலயத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூடை சுமந்தே தோளும் இடுப்பும் விட்டுப்போனவர்கள்தான் இங்கே அதிகம். என் அம்மாவும் அப்படித்தான். தோட்டத்தில் கொடுத்த டைக்ளோபெனக் குளிசை குடித்துவந்தார். கொழும்புக்கு வந்தபோது ஒரு டொக்டர் வோல்டரன் எழுதினார். புது மருந்து என்று நினைத்து இரண்டையும் குடித்தார். இரண்டும் ஒன்றுதான்! டொக்டரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

பேர் போய்விடுமே என்று காலையில் வெறும் தேத்தண்ணீரோடு விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுவார். முதலில் நெஞ்செரிவு. சாப்பாட்டுக்குப் பிறகு குடித்திருந்தால் அதாவது குறைந்திருக்கும். பிறகு மலம் தார் மாதிரிக் கறுத்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. இரும்புச்சத்துக் குளிசைக்கும் மலம் கறுக்கும்தான். ஆனால் அதை நாமே முடிவுசெய்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் அம்மா பிழைத்தார்.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக்க பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். விலை குறையத்தான் சொன்னார். நமக்கு இதற்கும் உதவுகிறது.

பிரஷர், சிறுநீரக வருத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தக் குளிசைக்கு முன் அதைச் சொல்லியே ஆகவேண்டும். காய்ச்சல் என்றால் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கு வரலாம். பரசிட்டமோல் மட்டும் போதும்.

தாதி ஒருவர் வந்திருக்கிறார். பைக்குள் இருக்கும் குளிசைகளை மேசையில் வையுங்கள், பெயரை வாசித்துப் பார்ப்போம்.