மாத்திரையை யார் சாப்பிடவில்லை?



நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்று ஒரு சின்ன சிவப்பு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து நாளைக்கு ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. காசு கிடையாது, அரசு கொடுக்கிறது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கர்ப்ப காலத்தில் 180 நாளாவது மாத்திரை சாப்பிட்டவர்கள் 26 விழுக்காடுதான். ரத்தம் குறைந்த உடம்பு பிரசவத்தின் உதிரப்போக்கைத் தாங்காது. ஆகவே இது உயிர்ப் பிரச்சினை.

இதற்கு அதிகாரிகள் சொல்லும் காரணம் என்ன? "காலனிப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை." நானும் சேரியில் பிறந்தவள்தான். படித்து, வெள்ளைப் புடவை கட்டியதும் நானும் அதையே சொன்னேன். ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே "ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

ஒருநாள் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "காலையில ஆறு மணிக்கு நடவுக்குப் போறேன்க்கா. வெறும் வயித்துல ஒரு டீயைக் குடிச்சு அதோட முழுங்கினா குமட்டுது. வயல்ல வாந்தி எடுத்து உக்காந்தா அரைக் கூலிதான்" என்றாள்.

டீ, இரும்பை உடம்பில் சேரவிடாது. இதை அவளுக்குச் சொல்ல வேண்டியவள் நான். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொல்லியிருக்க வேண்டும். நான் அட்டையை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதோடு சரி. அன்று, "ராத்திரி சோறு தின்ன பிறகு போடு" என்றேன். அதன் பிறகு அவள் ஒருநாளும் விடவில்லை.

அந்த ஊரில் அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தது. சத்துமாவு வாங்கப் போகும் சேரிப் பெண் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்படி நின்று திரும்பியவள் மறுமுறை போவாளா? போகாவிட்டால் அதற்குப் பெயரும் அலட்சியம்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை என்று படம் போட்டு மாட்டினோம். கீரையில் உள்ள இரும்பைவிட இறைச்சியில் உள்ள இரும்பு எளிதாக உடம்பில் சேரும். ஆனால் நான் மாட்டிய எந்தப் படத்திலும் மாட்டுக்கறி இல்லை, ரத்தப்பொரியல் இல்லை. நம் வீட்டில் மலிவாகக் கிடைக்கும் உணவைத் தீட்டென்று ஒதுக்கிவிட்டு, கூலிக்காரியை மாதுளை வாங்கச் சொன்னோம்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. அங்கன்வாடியும் துணை சுகாதார நிலையமும் சேரிக்குள் வர வேண்டும். சத்துணவுப் பட்டியலில் மாட்டுக்கறி இடம்பெற வேண்டும். மாத்திரை சாப்பிடாத பெண்ணைத் திட்டுவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும்.

அந்தப் பதிவேடு இன்று கிடைத்தால் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவேன். ஒத்துழைக்காதவள் நான்தான்.

ஜெய்பீம்.