செப்பன்ராடே குவாரியில் கிடைத்த கடற்பிராணி

இன்று ஜெர்மனியின் வடமேற்கே, மியூன்ஸ்டர் நகருக்குப் போகிறோம். சைக்கிளுக்குப் பேர்போன ஊர். தெருவைக் கடக்கும்போது காரைவிடச் சைக்கிளுக்குத்தான் அதிகம் ஒதுங்க வேண்டியிருக்கும். பழைய தேவாலயங்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நேரே மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வாருங்கள்.

அங்கே ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட ஒரு கல் இருக்கிறது. குறுக்களவு 1.74 மீட்டர், எடை 3.5 டன். பக்கத்தில் போய் நின்றால் நம்மில் பலருக்குத் தலை அதன் விளிம்பை எட்டாது. இது அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் புதைபடிவம். உலகில் இதுவரை கிடைத்த அம்மோனைட்டுகளில் இதுதான் பெரியது. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இந்தச் சமவெளி கடலுக்கடியில் இருந்தபோது வாழ்ந்த பிராணி. அரியலூர்ப் பக்கம், காரை ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் அதே கிரெட்டேசியஸ் காலத்தவைதாம்.

ஓட்டைப் பார்த்து நத்தை என்று எண்ணிவிடாதீர்கள். இது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. வளர வளர ஓட்டின் வாயை நீட்டிக் கட்டிக்கொண்டு முன்னே நகரும். விட்டுவந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்துவிடும். அடைத்த அறைகளிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே நீரை வெளியேற்ற, உள்ளே வாயு சேரும். இத்தனை பெரிய ஓட்டோடு கடலடியில் அமிழ்ந்துபோகாமல் இருந்தது அதனால்தான்.

குடித்தனமெல்லாம் கடைசி அறையில். அந்த அறைதான் இங்கே முழுதாக இல்லை, உடைந்து போயிருக்கிறது! நாம் வாய்பிளந்து பார்ப்பதில் பெரும்பங்கு, அது காலிசெய்துவிட்டு வந்த அறைகள்.

1895இல், தெற்கே செப்பன்ராடே கிராமத்துக் கல் குவாரியில் இது அகப்பட்டது. உலகுக்கு அறிவித்தவர் ஹெர்மன் லாண்டாய்ஸ். பாதிரியார், விலங்கியலாளர், மியூன்ஸ்டர் மிருகக்காட்சிசாலையைத் தோற்றுவித்தவரும் அவரே. முழு ஓடு இரண்டரை மீட்டரைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். பிறகு வந்தவர்களில் அவ்வளவு இராது என்போரும் உண்டு, அதற்கும் மேல் என்போரும் உண்டு. உடைந்ததை வைத்து அளந்தால் அப்படித்தான்.

வெகுகாலம் இது தனிப்பிறவியாகவே தோன்றியது. 2021இல் ஓர் ஆய்வுக்குழு, மெக்சிகோவிலும் இங்கிலாந்திலும் கிடைத்தவற்றைச் சேர்த்து 154 ராட்சத அம்மோனைட்டுகளை ஒப்பிட்டது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இவற்றின் முன்னோர் ஒரு மீட்டர் அளவிலேயே இருந்து, பிறகு பெருத்திருக்கின்றன. மோசசார் என்னும் கடல் ஊர்வனவும் அதே காலத்தில் பெருத்தன. தின்ன வருபவன் பெருத்ததால் இதுவும் பெருத்ததா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

செப்பன்ராடேக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஜெர்மானியர் அதை ரோஜா கிராமம் என்கிறார்கள். பூக்காலமான கோடையில் போனால் நல்லது.