தேதி ஒரு பக்கம், யானை மறுபக்கம்

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் பழைய காசுகளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீங்க. அதுல மூணு பேர் அனுப்பினது ஒரே காசு: ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட 1911 வெள்ளி ரூபாய். அந்த மூணு பேர்ல ஒருத்தர் இன்னும் வாங்கல. வெள்ளிக்கிழமை ஏலம்னு எழுதியிருந்தார். அவருக்காகவே இதை இன்னிக்கு எடுத்துக்கிட்டேன்.

சேகரிக்கிறவங்க இதைப் 'பன்றி ரூபாய்'னு சொல்வாங்க. மன்னரோட அங்கியில குட்டியா ஒரு யானை இருக்கும். அச்சுல தும்பிக்கை குட்டையா விழுந்ததால, பார்த்தவங்களுக்கு அது பன்றியாத் தெரிஞ்சது. மத உணர்வு புண்படுதுன்னு எதிர்ப்பு கிளம்பியது. அடிச்சது சுமார் 94 லட்சம். வெளியே போனது 7 லட்சம் அளவுக்குத்தான், மிச்சத்தை உருக்கிட்டாங்க. 1912-ல யானையைத் திருத்தி, தும்பிக்கை தெளிவாத் தெரியுற புது அச்சு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாணயக் கண்காட்சியில நான் இதை வாங்கினேன். எடை போட்டுப் பார்த்தேன், 11.66 கிராம் சரியா இருந்தது. காந்தம் ஒட்டல. தேதி 1911. பாதிச் சம்பளத்தை எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுல பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பார்த்தா, யானைக்கு அழகா நீளத் தும்பிக்கை! அதாவது, காசு 1912-க்கு அப்புறம் அடிச்சது. திருப்பிப் பார்த்தேன். கடைசி '1'-ஐச் சுத்தி மட்டும் லேசாச் சுரண்டின தடம். 1914-ஓ 1917-ஓ, யாரோ செதுக்கி 1911 ஆக்கியிருக்காங்க. வெள்ளி நிஜம், எடை நிஜம். பொய் அந்த ஒரே ஒரு இலக்கத்துல இருந்தது. தராசுக்கு அது எப்படித் தெரியும்?

அன்னிக்கு மாத்திக்கிட்டது ஒரே பழக்கம்தான். இப்பல்லாம் முதல்ல அச்சைப் பார்ப்பேன், அப்புறம்தான் தேதி. தேதியைச் சுரண்டி மாத்துறது சுலபம். அந்தச் சின்ன யானையை நம்புற மாதிரி மாத்துறது ரொம்பக் கஷ்டம். தேஞ்ச காசுல யானை மங்கிப் போயிருந்தா, வெள்ளி விலைக்கு மேல யோசிச்சுக் குடுங்க. தாமரைப் பூவுக்குக் கீழ புள்ளி இருந்தா பம்பாய், இல்லைன்னா கல்கத்தா. அதையும் குறிச்சு வெச்சுக்கிட்டு, பழைய ஏலப் பட்டியல்ல இருக்கிற படங்களோட ஒப்பிட்டுப் பாருங்க.

வெள்ளிக்கிழமை ஏலத்துக்குப் போற நண்பரே, நீங்க அனுப்பினது தேதி இருக்கிற பக்கம் மட்டும்தான். யானை இருக்கிறது மன்னர் பக்கம். அந்தப் பக்கத்துக்குக் கிட்ட எடுத்த போட்டோ கேளுங்க. தர மாட்டேன்னு சொன்னா, விட்டுடுங்க. வேற காசு வரும்.

அடுத்த வாரம் பார்ப்போம்.