எந்தச் செயலியில் இருந்தாலும் பேச முடியணும்

(புளியங்குடியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் எங்கள் பயிற்சிக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு விஷயம் வேறு. நம் செல்போனில் செயலி வழியாகப் பேசுகிறோம், முகம் பார்த்தும் பேசுகிறோம். அந்தப் பேச்சு யார் கையில் இருக்கு என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "இதுல நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீங்க. நிறைய இருக்கு.

நம்ம பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஆம்பளைங்க வெளிநாட்டில் வேலை பார்க்கிறாங்க. துபாயில் இருக்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகுது, போட்டோ போகுது. கூப்பிட்டால் மட்டும் பேச முடியாது. அந்த நாட்டில் அரசு அனுமதி கொடுத்த சில செயலிகளில்தான் இப்படிப் பேசலாம். அதனால் அவருக்காக ஒரு செயலி, சென்னையில் படிக்கிற பிள்ளைக்காக இன்னொரு செயலி என்று போன் நிறைய ஏற்றி வைத்திருக்கிறோம்.

சாதாரண போனில் இந்தத் தொல்லை உண்டா? நம்மகிட்ட பி.எஸ்.என்.எல். இருக்கும், அண்ணிகிட்ட ஏர்டெல் இருக்கும், கொழுந்தன்கிட்ட ஜியோ இருக்கும். நம்பரைப் போட்டால் மணி அடிக்குது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு வழிவிடணும் என்று பொது விதி இருக்கு. ஆனால் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் இருந்து டெலிகிராமில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல. வேலி போட்டு வைத்திருப்பதால்.

வேலி இல்லாத வலை

1999-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெரமி மில்லர் ஜாபர் என்ற செய்தி வலையை அறிமுகம் செய்தார். அதன் விதிகள் 2004-ல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையப் பொது விதியாக ஏற்கப்பட்டன. இது எப்படி நடக்குது என்று நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். நம்ம கூட்டமைப்பு மாதிரிதான். ஒவ்வொரு குழுவுக்கும் தனித் தலைவி, தனி வங்கிக் கணக்கு, தனிப் பதிவேடு. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று. அதே போல அந்த வலையில் யார் வேண்டுமானாலும் ஒரு நிலையம் நடத்தலாம். ஒரு நிலையத்தில் இருப்பவர் இன்னொரு நிலையத்தில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பலாம். முழு வலைக்கும் முதலாளி கிடையாது.

எழுத்துச் செய்தி சின்னது. நிலையமே அதைச் சுமந்து போய்க் கொடுத்துவிடும். குரலும் வீடியோவும் அப்படி இல்லை. பெரிய சுமை, தாமதமும் ஆகக் கூடாது. ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானாலே பேச்சு ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கும்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாங்க. நம்ம ஊர் எலுமிச்சை கேரளாவுக்குப் போகிறதை நினைத்துப் பாருங்க. கமிஷன் கடைக்காரர் அங்குள்ள வியாபாரியிடம் போனில் எத்தனை மூட்டை, எந்த லாரி, எந்த ரோடு என்று முதலில் பேசி முடிப்பார். மூட்டை போன் வழியாகவா போகுது? லாரியில் நேராகப் போகுது. அதே மாதிரி, "உன்னைக் கூப்பிடுகிறேன், குரலை இந்த முறையில் சுருக்கி அனுப்புவேன், இந்த வழியில் என்னை வந்து சேரலாம்" என்ற பேச்சு மட்டும் செய்தி வலை வழியாகப் போகும். அந்தப் பக்கம் ஒத்துக்கிட்டால், குரல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேராக ஓடும். இந்த விதிக்கு ஜிங்கிள் என்று பெயர். 2005 டிசம்பரில் கூகுளும் ஜாபர் அமைப்பும் சேர்ந்து இதை வெளியிட்டன.

சில நேரம் லாரி தெருவுக்குள் நுழைய முடியாது. முக்கில் இறக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றுவோம். போன் கம்பெனியின் வலை அமைப்பு நேர் வழியை மறிக்கும்போது குரலுக்கும் இப்படி ஒரு இடைநிலையம் தேவைப்படும். அதற்கு வாடகை ஆகும். அதை யார் கொடுப்பது? சின்ன நிலையங்களுக்குக் குரல் அழைப்பு சிரமமாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெரிய ஆள் கதவைச் சாத்தினால்

2005 ஆகஸ்டில் கூகுள் டாக் வந்தது. 2006 ஜனவரியில் அது மற்ற நிலையங்களுக்கும் கதவைத் திறந்தது. திறந்த வலைக்கு நல்ல காலம் வந்ததாகப் பலரும் நம்பினாங்க. 2013-ல் கூகுள் ஹேங்அவுட்ஸ் என்ற புதுச் செயலியைக் கொண்டுவந்தது. அதில் வெளி நிலையங்களோடு பேச வழி இல்லை. 2022 ஜூனில் கூகுள் டாக் அடியோடு நின்றது. வேலி போட்ட பக்கமும் நிலையானது அல்ல. 2003-ல் தொடங்கி உலகமே பேசிய ஸ்கைப், 2025 மே 5-ந் தேதி மூடப்பட்டது.

ஆனால் திறந்த வலை சாகவில்லை. விதி பொதுவாக இருந்ததால் வேறு ஆட்கள் எடுத்து நடத்தினாங்க. 2020-ல் கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி, ஜிங்கிள் விதிப்படி குரல், வீடியோ அழைப்பைச் சேர்த்தது. நம் நாட்டிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பிரவ் என்ற சேவையைத் தொடங்கியிருக்காங்க. உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக அதை நடத்துவதுதான் அவர்கள் நோக்கம். செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அது ஒரு பதில். சந்தா கட்டிக் கூட்டாக நடத்துவது நமக்குப் புதுசா?

ஐரோப்பாவில் சட்டமும் வந்திருக்கு. 2022-ல் நிறைவேறிய டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி, வேறு சேவைகள் கேட்டால் பெரிய செய்திச் செயலிகள் வழிவிடணும். முதலில் எழுத்துச் செய்திக்கு. குரல், வீடியோ அழைப்புக்கு நாலு வருஷ அவகாசம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். திறந்த வலை வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இல்லை. துபாய்ச் சட்டம் திறந்த வலைக்கும் பொருந்தும். நம்ம சொந்தக்காரங்க அந்த வலையில் சேராவிட்டால், நாம் மட்டும் சேர்ந்து யாரிடம் பேசுவது? அதனால் இன்றைக்கே வாட்ஸ்அப்பை அழிக்கணும் என்று சொல்ல வரவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. முக்கியமான நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். செயலி போனாலும் ஆள் கையைவிட்டுப் போகக் கூடாது.

2. வெளியூரில் இருப்பவரை அழைக்க இரண்டு வழியாவது வைத்துக்கொள்வோம். ஒன்று சாதாரண போனாக இருக்கட்டும்.

3. குழுத் தீர்மானத்தையும் வரவு செலவையும் தீர்மானப் புத்தகத்திலும் பதிவேட்டிலும் எழுதுவோம். செயலிக் குழுவில் போட்டுவிட்டால் போதும் என்று விட வேண்டாம்.

4. யாராவது நம்ம குழுவுக்குப் புதுச் செயலி கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேட்போம். இதிலிருந்து வேறு செயலியில் இருப்பவரைக் கூப்பிட முடியுமா? இதை நடத்தும் செலவு யாருடையது? நாளைக்கு மூடிவிட்டால் எங்கள் செய்தியும் நம்பரும் என்ன ஆகும்?

கடன் வாங்கும்போது வட்டி என்ன, தவணை எத்தனை என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். இந்த மூன்று கேள்வியையும் கேட்க நமக்குப் படிப்பு ஒரு தடை இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் யாரிடம் பேச எந்தச் செயலி வைத்திருக்கீங்க என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.